எந்தக் கருத்தடை உடம்புக்கு ஒத்துக்கொள்ளும்?

"சைடு எஃபெக்ட் இல்லாததா ஒண்ணு சொல்லுங்க." கருத்தடை என்று பேச்செடுத்தாலே முதலில் வரும் கேள்வி இதுதான். அப்படி ஒன்று கிடையாது. ஒவ்வொன்றும் உடம்பில் ஏதாவது ஓரிடத்தில் கை வைக்கும். எங்கே கை வைத்தால் உங்களால் தாங்க முடியும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது இதனால்தான்.

முடிவெடுக்கும் முன் இரண்டு எண்கள் கையில் இருக்கட்டும்: ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின். ஊரில் உள்ள துணை சுகாதார நிலையத்திலேயே நர்ஸம்மா பார்த்துவிடுவார். அதோடு மூன்று கேள்விகள். விலக்கு நாட்களில் ரத்தம் அதிகமா? பால் கொடுக்கிறீர்களா? அடுத்த குழந்தை எப்போது?

ஹார்மோனே வேண்டாம் என்பவர்களுக்குக் காப்பர் டி. டி எழுத்து வடிவில் தீக்குச்சியைவிடச் சின்ன பிளாஸ்டிக், அதன்மேல் செம்புக் கம்பி, அடியில் இரண்டு நைலான் நூல். அவ்வளவுதான் பொருள். செம்பு கருப்பைக்குள் விந்தணுவை முடக்கிவிடும். உடம்பு எடையோ மனநிலையோ இதனால் மாறுவதில்லை. 380ஏ என்பது 10 வருடம் தாங்கும், 375 என்பது 5 வருடம். அரசு மருத்துவமனைகளில் இரண்டும் இலவசம். எது போட்டார்கள், எப்போது எடுக்க வேண்டும் என்று அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் குழந்தை வேண்டுமென்றால் எடுத்த மாதமே கரு தங்கலாம்.

தொந்தரவு வருவது முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில். விலக்கு இரண்டு நாள் நீளும், ரத்தம் கூடும், அடிவயிறு இழுக்கும். பலர் மூன்றாவது மாதமே "ஒத்துக்கல" என்று எடுத்துவிடுகிறார்கள். தானாக அடங்கப்போகிற நேரத்தில் எடுத்துவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய நஷ்டம். வலிக்கு டாக்டரிடம் கேட்டு மெஃபனமிக் ஆசிட் அல்லது இப்யூபுரூஃபன் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கலாம். ரத்தப்போக்கையும் அது கொஞ்சம் குறைக்கும். ஆனால் ஹீமோகுளோபின் ஏற்கெனவே குறைவாக இருந்தாலோ, விலக்கில் கட்டி கட்டியாகப் போகிறது என்றாலோ இது உங்களுக்கு முதல் தேர்வு இல்லை. ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் லைனில் உட்கார்ந்து தைக்கிற பெண்கள் இதையும் யோசிக்க வேண்டும்: நினைத்த நேரத்தில் எழுந்து போய் நாப்கின் மாற்ற முடியாத வேலைக்கு அந்த முதல் மூன்று மாதம் நிஜமாகவே கஷ்டம்.

போட்டுக்கொள்ள வசதியான நேரம் விலக்கு வந்த முதல் ஏழு நாட்கள். பிரசவத்துக்குப் பின் என்றால் 48 மணி நேரத்துக்குள். அது தாண்டினால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். பிரசவ வார்டில் போட்டது தானாக நழுவி வெளியே வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம், அதனால் ஆறாவது வாரச் செக்கப்பைத் தவறவிடக் கூடாது. பிரசவ வலி எடுக்கும் முன்பே உங்களிடம் கேட்டு, நீங்கள் சரி என்ற பிறகுதான் போட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டைப் படித்துப் பாருங்கள், போட்டிருந்தால் அதில் இருக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை விலக்கு முடிந்ததும் கை கழுவி, குத்துக்கால் வைத்து உட்கார்ந்து நூல் தட்டுப்படுகிறதா என்று பார்க்கலாம். நூல் காணோம், வழக்கத்தைவிட நீளம், கெட்டியாக ஏதோ குத்துகிறது, காய்ச்சலோடு நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், நாள் தள்ளிப்போதல்: இதில் எது நடந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நெஞ்சுக்கு ஏறிவிடும் என்ற பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள், கருப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழி கிடையாது.

ரத்தம் அதிகம் போகிறவர்களுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் சாயா மாத்திரை பொருந்தும். கடையில் சஹேலி என்று விற்பதும் இதே மருந்துதான், லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்தது. ஒரு மாத்திரை 30 மில்லிகிராம், ஸ்டீராய்டு ஹார்மோன் இல்லை. அதனால் குமட்டல், எடை கூடுதல் பெரிதாக வராது. தப்பு நடப்பதெல்லாம் கணக்கில். விலக்கு வந்த முதல் நாள் ஒன்று, அதிலிருந்து மூன்று நாள் கழித்து ஒன்று. முதல் நாள் வெள்ளி என்றால் வெள்ளியும் திங்களும். மூன்று மாதம் இப்படி வாரம் இரண்டு, நான்காவது மாதத்திலிருந்து வெள்ளி மட்டும். விளக்கேற்றும் நேரத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டால் மறக்காது. நடுவில் விலக்கு வந்தாலும் நிறுத்தக் கூடாது. எடுத்தவுடனே வாரம் ஒன்று என்று ஆரம்பிப்பவர்களுக்குத்தான் அதிகம் தவறிப்போகிறது. மருந்து ரத்தத்தில் போதுமான அளவுக்குச் சேர வேண்டியே முதலில் வாரம் இரண்டு.

மறந்தால் ஞாபகம் வந்தவுடன் போட்டுக்கொண்டு, அடுத்த விலக்கு வரை ஆணுறையும் சேர்க்க வேண்டும். ஏழு நாளுக்கு மேல் ஆகிவிட்டால் மறுபடி முதலிலிருந்து வாரம் இரண்டு. இதன் பக்கவிளைவு ஒன்றே ஒன்றுதான் பெரிதாகச் சொல்ல இருக்கிறது: விலக்கு தள்ளிப்போகும், ரத்தம் குறையும். "முழுகாம இருக்கோமோ" என்ற பயம் வந்துவிடும். 15 நாளுக்கு மேல் தள்ளினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். சினைப்பை நீர்க்கட்டி, மஞ்சள் காமாலை, ஈரல் அல்லது சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இது ஆகாது.

மாலா-என் தினமும் போடும் மாத்திரை. 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து. விலக்கு வலியையும் ரத்தப்போக்கையும் குறைக்கும். முதல் மாதங்களில் வரும் குமட்டலுக்கு இரவு சாப்பிட்டபின் போட்டால் போதும். ஆனால் அழுத்தம் 140/90க்கு மேல், கண்ணில் மின்னல் அடித்து வரும் ஒற்றைத் தலைவலி, ஆறு மாதத்துக்குள் பால் குடிக்கும் குழந்தை, இதில் எது இருந்தாலும் வேண்டாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் அல்லது வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்லிவிட வேண்டும், அவை இந்த மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும்.

அந்தரா என்ற ஹார்மோன் ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. சொட்டுச் சொட்டாகப் படும், போகப்போக விலக்கே நின்றுவிடும். கெட்ட ரத்தம் உள்ளே தேங்குவதாக எண்ண வேண்டாம், கருப்பையின் உள்படலமே வளராததால் வருவதற்கு ஒன்றுமில்லை. ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. கடைசி ஊசிக்குப்பின் கரு தங்க ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம், சீக்கிரம் அடுத்த குழந்தை என்பவர்களுக்கு ஏற்றதல்ல.

ஆணுறைக்குப் பக்கவிளைவே இல்லை எனலாம், லேடெக்ஸ் அலர்ஜி தவிர. வேலூர் வெயிலில் பர்ஸிலும் பைக் பெட்டியிலும் மாதக்கணக்கில் கிடந்தால் ரப்பர் கெட்டுப்போகும். தேங்காய் எண்ணெய் பட்டால் நிமிடங்களில் வலுவிழக்கும்.

குழந்தை போதும் என்று முடிவாகிவிட்டால் பெண்ணைத்தான் ஆபரேஷனுக்கு அனுப்புகிறோம். ஆணுக்குச் செய்யும் கத்தியில்லா வாசெக்டமியோ மரத்துப்போகும் ஊசியோடு சில நிமிட வேலை, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. சில நாள் வீக்கமும் வலியும். இறுக்கமான ஜட்டி போட்டு, ஒரு வாரம் பாரம் தூக்காமல், சைக்கிள் ஓட்டாமல் இருந்தால் சரியாகிவிடும். ஹார்மோன் ரத்தத்தில் போகிறது, கட்டுவது விந்தணு வரும் குழாயை மட்டும். அதனால் வீரியம் எங்கும் போகாது. ஆனால் குழாயில் மிச்சமிருக்கும் அணுக்கள் தீர மூன்று மாதமாகும். அதுவரை ஆணுறை, பிறகு விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று சீட்டு வந்த பிறகே நிறுத்தலாம்.