டோபமைனை அளக்கிறோமா, வைட்டமின் சி-யையா?

டோபமைன் மூளையில் செய்தி கடத்தும் ஒரு வேதிப்பொருள். அது உள்ள கரைசலில் எலக்ட்ரோடை (மின்முனையை) வைத்து மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் டோபமைன் 2 எலக்ட்ரானையும் 2 புரோட்டானையும் இழந்து குயினோன் என்ற வேறொரு மூலக்கூறாக மாறும். இதுதான் ஆக்சிஜனேற்றம். அந்த இடத்தில் மின்னோட்டம் மேலெழும்பும். நாங்கள் பீக் என்று சொல்வது அதைத்தான். அதன் உயரத்தை வைத்து டோபமைன் எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

கரைசலில் டோபமைன் மட்டும் இருந்தால் சரி. மூளைத் திரவத்தில் அஸ்கார்பிக் அமிலமும், அதாவது வைட்டமின் சி-யும், டோபமைனைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகமாக இருக்கிறது. வெறும் கார்பன் எலக்ட்ரோடில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மின்னழுத்தத்தில் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. 1973-இல் கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் ஆடம்ஸ் குழு எலியின் மூளைக்குள்ளேயே கார்பன் எலக்ட்ரோடை வைத்து அளந்தது. துணிச்சலான வேலை. ஆனால் அப்போது கிடைத்த சிக்னலில் பெரும்பங்கு அஸ்கார்பிக் அமிலத்தினுடையது என்பது பிறகு தெரியவந்தது.

என் ஆராய்ச்சியில் தங்க நானோ துகள்கள் வருவது இந்த இடத்தில்தான். தங்க உப்புக் கரைசலைக் கொதிக்கவிட்டு சோடியம் சிட்ரேட் ஊற்றினால், வெளிர் மஞ்சள் முதலில் நிறமிழக்கும். பிறகு கருநீலமாகக் கலங்கும். அடுத்த சில நிமிடங்களில் மாதுளைச் சாறு போலச் சிவந்துவிடும். ஒவ்வொரு முறையும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்ப்பேன். 3 மி.மீ. விட்டமுள்ள கிளாஸி கார்பன் (கண்ணாடி போல வழவழப்பான கார்பன்) எலக்ட்ரோடை 0.05 மைக்ரான் அலுமினா தூளில் எட்டு போட்டுத் தேய்த்துக் கழுவி, இந்தச் சிவப்புக் கரைசலிலிருந்து ஒரு துளியை அதன் மேல் விட்டுக் காயவைக்க வேண்டும். துகளைச் சுற்றியிருக்கும் சிட்ரேட்டுக்கு எதிர்மின் சுமை. உடல் திரவங்களின் பிஹெச் அளவான 7.4-இல் டோபமைனுக்கு நேர்மின் சுமை; அஸ்கார்பிக் அமிலம் அஸ்கார்பேட் அயனியாக இருக்கும், அதற்கு எதிர்மின் சுமை. அதனால் டோபமைன் நெருங்கி வரும், அஸ்கார்பேட் விலகும். தங்கத்தின் மேல் அஸ்கார்பேட் குறைந்த மின்னழுத்தத்திலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடுவதால் அதன் பீக் தனியாக இடப்பக்கம் ஒதுங்குகிறது.

இரண்டு பீக்கும் பிரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டோபமைன் குயினோனாக மாறிய அடுத்த கணமே பக்கத்திலுள்ள அஸ்கார்பேட் அதை மறுபடி டோபமைனாக்கிவிடும். அதே மூலக்கூறு திரும்பவும் எலக்ட்ரானைக் கொடுக்கும். ஒன்றை இரண்டு மூன்று தடவை எண்ணினால் பீக் பொய்யாக உயரத்தானே செய்யும்? இது போதாதென்று, குயினோன்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மெலனின் மாதிரி ஒரு படலமாக எலக்ட்ரோடில் ஒட்டிக்கொள்ளும், அளக்க அளக்க சிக்னல் இறங்கும்.

அப்புறம், எலக்ட்ரோடை 'உண்மையான மாதிரி'யில் சோதித்தோம் என்று ஆய்வுக் கட்டுரைகளில் சொல்லும் விஷயம். மருத்துவமனைகளில் பயன்படும் டோபமைன் ஊசி மருந்தை நீர்க்கச் செய்து அளந்துவிட்டு, மீட்பு விகிதம் (இருக்கும் அளவில் எவ்வளவு அளவீட்டில் கிடைத்தது என்பது) நன்றாக வந்தது என்று எழுதுகிறார்கள். ஒரு மி.லி.க்கு 40 மி.கி. டோபமைன் உள்ள மருந்து அது! அஸ்கார்பேட் கூட்டத்துக்கு நடுவே நானோமோலார் அளவில், அதாவது மிகமிகக் குறைந்த செறிவில், டோபமைனைத் தேடுவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

புதிதாக வரும் மாணவர்களிடம் நான் கேட்பது ஒரு சோதனையைத்தான். டோபமைன் அளவை மாற்றாமல் வைத்து அஸ்கார்பேட்டை மட்டும் ஏற்றிக்கொண்டே போங்கள். டோபமைன் பீக் அசையாமல் நின்றால் அந்த எலக்ட்ரோடை நம்பலாம்.

என் எலக்ட்ரோடில் இன்னும் கொஞ்சம் அசைகிறது. அடுத்து தங்கத்தின் மேல் நாஃபியான் என்ற பாலிமரில் மெல்லிய படலம் போடப் போகிறேன். அதற்கும் எதிர்மின் சுமைதான், அஸ்கார்பேட்டைத் தடுக்கும். தடித்துவிட்டால் டோபமைன் உள்ளே போகவும் நேரமெடுக்கும். எவ்வளவு மெல்லியதாக இருந்தால் போதும் என்று பார்க்க வேண்டும்.