பாலாற்றங்கரையில் 200 லிட்டர் கடல்

காட்பாடி காந்தி நகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கடல் மீன் வளர்க்கிற உப்புத்தண்ணீர்த் தொட்டி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, 200 லிட்டர். சென்னைக் கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிற ஊரில் இது வேண்டாத வேலை என்று சொல்லாத சொந்தக்காரர்களே இல்லை. "ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, இதுல உனக்குக் கடல் வேற கேக்குதா?" என்று மாமனார் சிரிப்பார். சாமி விஷயத்தில் அவர் கணக்கு பழசு, ஜலகண்டேஸ்வரர் 1981லேயே வேலூர்க் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். பாலாறும் 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியிருக்கிறது. சொன்னால் கேட்க மாட்டார்.

நான் பினாங்குக்காரி. கல்யாணமாகி இங்கே வந்தபோது மொழியோ கோயிலோ சோறோ எதுவும் புதிதாக இல்லை. அதனாலேயே யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. வேற்று நாட்டிலிருந்து வந்த பெண் என்றால் கூடவே ஒருவர் வந்து காட்டுவார்கள், தமிழ்ப் பெண் என்றால் "நம்ம ஊருக்குத்தானே வந்திருக்கே" என்று விட்டுவிடுவார்கள். மோட்டார் எப்போது போட வேண்டும், கரண்ட் எந்தக் கிழமை போகும், குழாய் உடைந்தால் யாருக்குப் போன் செய்ய வேண்டும், ஒன்றும் தெரியாது. எல்லாம் கணவருக்குத் தெரியும், ஆனால் அவர் ஆபீசில் இருப்பார். தொட்டி வைத்த பிறகு இதையெல்லாம் நானே தெருவில் இறங்கிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. காட்பாடி எனக்குப் பழகியது அப்படித்தான்.

முதலில் தண்ணீர். எங்கள் போர் தண்ணீரில் மீட்டரை விட்டால் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பு, தாதுக்களின் அளவு, ஆயிரத்துக்கு மேல் காட்டும், பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளைப் பொருக்கு கட்டும். குழாயில் வரும் காவிரித் தண்ணீர் பரவாயில்லை, ஆனால் அது வரும் நேரத்துக்கு நாம் காத்துக் கிடக்க வேண்டும். கடல் தொட்டிக்கு வேண்டியது டிடிஎஸ் பூஜ்யம் காட்டுகிற தண்ணீர். நாம் என்ன உப்பு சேர்க்கிறோமோ அது மட்டும்தான் உள்ளே இருக்க வேண்டும், தரையடியிலிருந்து வரும் சிலிக்காவும் நைட்ரேட்டும் பாசிக்குத் தீனி. வீட்டில் ஆர்ஓ மெஷின் இருக்கிறதே என்று நினைப்போம். இங்கேதான் ஒரு விஷயம் இருக்கிறது. வீட்டு மெஷின்கள் பலவற்றில் ருசிக்காக டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும், அது வடிகட்டிய தண்ணீரோடு கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரையும் கலந்துவிடும். சர்வீஸ் பையனைக் கூப்பிட்டு அதை முழுசாக மூடச் சொன்னேன். "அக்கா, குடிச்சா சப்புனு இருக்கும்" என்றான். "குடிக்க இல்லப்பா, மீனுக்கு" என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மூடினான். அதற்கப்புறம் மிச்சமிருக்கிற உப்பையும் பிடித்துவைக்கிற டிஐ ரெசின் குழாய் ஒன்றைச் சேர்த்து மாட்டியதும் மீட்டர் 0 காட்டியது. கழிவாகப் போகும் தண்ணீரை அத்தை விடவில்லை, குழாயடியில் பக்கெட் வைத்துப் பிடித்து வாசல் கழுவுகிறார்.

அடுத்தது உப்பு. "இன்னாம்மா, உப்பைக் காசு குடுத்து வாங்கி நல்ல தண்ணியில கொட்றே?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்டது நியாயம்தான். லிட்டருக்கு 36 கிராம் வீதம் 200 லிட்டருக்கு 7 கிலோவுக்கு மேல் போகும். சமையல் உப்பு உதவாது, அது சோடியம் குளோரைடு மட்டும். கடலில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட், பைகார்பனேட் எல்லாம் குறிப்பிட்ட விகிதத்தில் இருக்கின்றன, அந்த விகிதத்தில் கலந்து விற்கிற உப்புதான் வேண்டும். "மெரினாவுல நாலு கேன் புடிச்சுட்டு வந்துடலாமே" என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. கூவமும் அடையாறும் கலக்கிற கரையோரத் தண்ணீரை நான் நம்பத் தயாரில்லை. உப்பைத் தனி டிரம்மில் ஒரு நாள் சுழலவிட்டு, உப்பளவு பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டரில் கடலின் அளவான 35 (ஆயிரத்துக்கு 35 பங்கு) வந்த பிறகுதான் தொட்டியில் ஊற்றினேன்.

அப்புறம் மீனே இல்லாமல் காத்திருக்கும் கட்டம். நாலிலிருந்து ஆறு வாரம் வரை ஆகும், வெறும் தண்ணீரும் கல்லும் மணலும்தான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா கல்லின் துளைகளில் குடியேற வேண்டும். அதற்குத் தீனியாக அம்மோனியம் குளோரைடு போடுவார்கள். 200 லிட்டருக்கு ஒன்றேகால் கிராம் போட்டால் அம்மோனியா 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும். ரசாயனம் விற்கிற கடையில் சுத்தமானதாக வாங்கிவந்து தராசில் நிறுத்துக்கொண்டிருந்தபோது அத்தை டப்பாவை எடுத்துப் பார்த்தார். விளக்கினதும், "அட, நவச்சாரம்! ஈயம் பூசறவன் போடுவானே" என்றார். முன்னெல்லாம் தெருவில் வருபவர் பித்தளை அண்டாவைத் துருத்தி அடுப்பில் காய்ச்சி, இந்த வெள்ளைப் பொடியைத் தூவினதும் குபீரென்று புகை கிளம்புமாம், அந்தப் புகைக்கு நடுவில் பஞ்சால் ஈயத்தைத் தேய்ப்பாராம். அன்றிலிருந்து தொட்டியில் அவருக்கும் ஒரு பங்கு வந்துவிட்டது. தினமும் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து, "இன்னும் ஊதாவாத்தான் இருக்கு, நைட்ரைட் போகல" என்று தீர்ப்புச் சொல்வது அவர்தான்.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்ததும் தொட்டி அழகாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதற்கப்புறம்தான் அசிங்கம் ஆரம்பம். மணல்மேல் காப்பித்தூள் தூவினாற்போல் டயாட்டம் என்கிற பழுப்புப் பாசி படியும், அது போனால் பச்சை முடிப்பாசி, சிலருக்குச் சிவப்பு ஏடு. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் தொட்டியைக் கழுவச் சொல்வார்கள். கழுவக் கூடாது. மருந்தும் ஊற்றக் கூடாது. விளக்கை ஆறேழு மணி நேரத்தோடு நிறுத்தி, பாசி தின்கிற நத்தைகளை உள்ளே விட்டு, வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். இந்த ஊரில் சும்மா இருக்கிற மருமகளைப் பார்த்தால் யாருக்கும் பொறுக்காது, அது வேறு கதை.

பவளம் வைக்கவில்லையா என்று பினாங்கிலிருந்து அண்ணன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். இந்தியாவில் அது விளையாட்டில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ல் கல் பவளங்கள் எல்லாவற்றையும், கடல் விசிறி, கடல் அட்டை, கடல்குதிரையையும் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு இருக்கிற அதே அட்டவணை. ஒரு காலத்தில் மன்னார் வளைகுடாவில் பவளப் பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு ஏற்றியிருக்கிறார்கள், அந்த அழிவைப் படித்த பிறகு எனக்கு இந்தச் சட்டத்தின்மேல் எந்த வருத்தமும் இல்லை. கள்ளத்தனமாக விற்கிறவர்கள் எங்கும் இருக்கத்தான் செய்கிறார்கள், அந்தப் பக்கமே போகவில்லை. சுட்ட மண்ணில் செய்த துளைக்கல்தான் என் பாறை. அதன்மேல் இப்போது ஊதாநிறச் சுண்ணாம்புப் பாசி திட்டுத்திட்டாகப் படர ஆரம்பித்திருக்கிறது. பவளம் இல்லாததால் அதற்காகத் தினமும் கால்சியம் ஊற்றும் வேலையும் மிச்சம்.

மீன் வாங்கினது சென்னை கொளத்தூரில். தொட்டியிலேயே பொரித்து வளர்த்த கோமாளி மீன் ஒரு ஜோடி, கடலில் பிடித்தது வேண்டாம் என்று கேட்டு வாங்கினேன். மண்டபத்தில் இருக்கிற கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் இவற்றைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை எப்போதோ வகுத்துவிட்டது. ஆக்சிஜன் அடைத்த பை, அதைச் சுற்றித் தெர்மாகோல் பெட்டி, மாலை ஏலகிரி எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக்கொண்டு காட்பாடி வரை. பக்கத்து சீட் பாட்டி அரக்கோணம் வரை குழம்பு எப்படி வைப்பது என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

மற்றதெல்லாம் ஒரு மாதிரி ஓடிவிடும், வெயிலோடுதான் மல்லுக்கட்டு. தொட்டி 26 டிகிரியில் இருக்க வேண்டும், மே மாதம் வெளியே 40ஐத் தாண்டுகிறது. பினாங்கில் காற்றே ஈரம், தண்ணீர்மேல் ஃபேன் வைத்தால் பெரிதாக எதுவும் இறங்காது. இங்கே காற்று காய்ந்து கிடப்பதால் இரண்டு சின்ன ஃபேன் போதும், மூணு டிகிரி இறங்குகிறது, சாயங்காலம் ஜன்னலைத் திறந்துவிட்டால் இன்னும் கொஞ்சம். ஆனால் அதற்கு விலை உண்டு: வெயில் காலத்தில் நாளுக்கு ஐந்து லிட்டர் வரை ஆவியாகிறது. தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. ஒரே நாளில் உப்பு 35லிருந்து 36க்குப் பக்கத்தில் ஏறிவிடும், அதனால் நல்ல தண்ணீரைச் சொட்டுச்சொட்டாகச் சேர்க்க ஒரு மிதவை வால்வு. டிசம்பர் ராத்திரியில் நேர் எதிர், குளிர் இருபதுக்கும் கீழே போகும், அப்போது ஹீட்டர் வேண்டும். வருஷம் முழுக்க ஒரே சூட்டில் வளர்ந்த எனக்கு ஒரே வீட்டில் ஃபேனும் ஹீட்டரும் வாங்கியது இன்னும் வேடிக்கையாக இருக்கிறது.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை ஒன்பது முதல் சாயங்காலம் ஐந்து வரை கரண்ட் இருக்காது. பேப்பரில் ஊர்ப் பெயர் வந்திருக்கிறதா என்று மாமனார்தான் பார்த்துச் சொல்வார், கிண்டல் செய்துகொண்டேதான். முந்தின நாளே நாலு தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்துவிடுவேன், பாட்டிலை அப்படியே தொட்டியில் மிதக்கவிட வேண்டும், திறக்கக் கூடாது. இன்வெர்ட்டரில் ஒரு அலைமோட்டாரும் ஃபேனும் மட்டும் ஓடும். இவ்வளவு பாடு எதற்கு, தண்ணீரைக் குளிரவைக்கிற சில்லர் மெஷின் வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். சில்லர் உறிஞ்சின சூட்டை வெளியே தள்ளுவது இதே கூடத்துக்குள்தான், அப்புறம் கூடத்துக்கு ஏசி போட வேண்டும், அந்த கரண்ட் பில்லை அவரே கட்டுவதாக இருந்தால் வாங்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.