தேரூர்க் குளமும் வலசைத் தாராக்களும்: ஒரு பருவத்தின் நாட்குறிப்பு

செப்டம்பர் 22

கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர்க் குளத்தில் முதல் நீலச்சிறகிகள் (garganey) இறங்கிவிட்டன. வலசை வரும் தாராக்களில், அதாவது காட்டு வாத்துகளில், முந்தி வருவது இதுதான். இப்போது பார்த்தால் கூட்டம் முழுக்கப் பெட்டைகள் போலத் தெரியும். கோடையில் இறகு உதிர்த்த ஆண்கள் அதே மங்கல் நிறத்தோடுதான் வந்து சேர்கின்றன. புருவத்து வெள்ளைப் பட்டை தெளிய ஜனவரி, பிப்ரவரி ஆகிவிடும். நீந்துகிறபோது ஆண் பெண் பிரிக்க முயல வேண்டாம். எழுந்து பறக்கையில் இறக்கையின் முன்பாதியைக் கவனியுங்கள். சாம்பல் கலந்த வெளிர்நீலம் தெரிந்தால் ஆண். இனத்தை உறுதி செய்ய முகம் போதும்: கண் வழியே ஒரு கருங்கோடு, கன்னத்தில் இன்னொன்று, அலகு தொடங்கும் இடத்தில் வெளிறிய பொட்டு.

மணக்குடிக் காயலில், சேற்றில் மேயும் சிறு பறவைகளான கொசு உள்ளான்கள் ஆகஸ்டிலேயே வந்தாயிற்று. முதலில் வருபவை முதிர்ந்தவை. இறகுகள் தேய்ந்து செம்மை ஒட்டியிருக்கும். இப்போது வரத் தொடங்குபவை இந்தக் கோடையில் பொரித்த குஞ்சுகள். முதுகில் வெள்ளை ‘வி’ வடிவக் கோடு பளிச்சென்று இருக்கும்.

அக்டோபர் 13

‘நம்மூருக்கு அன்னம் வருமா’ என்று ஒவ்வொரு பருவத்திலும் யாராவது கேட்கிறார்கள். ஸ்வான் என்கிற அந்தப் பெரிய வெள்ளைப் பறவை குமரி வரை வருவதில்லை. இந்தியாவின் வடமேற்கில்கூட எப்போதாவது வழிதவறி வருவதுதான். ஊப்பர் ஸ்வான் என்ற இனம் ஐஸ்லாந்திலிருந்து சைபீரியா வரை முட்டையிடுகிறது. குளிர் வந்ததும் பிரிட்டன், காஸ்பியன் கரை, கொரியா, ஜப்பான் என்று தண்ணீர் உறையாத இடமாகப் பார்த்து நின்றுகொள்கிறது. எடை 8 முதல் 12 கிலோ. அந்த உடம்பு குளிரைத் தாங்கும். அதற்கு வேண்டியது உறையாத தண்ணீரும் மேயப் புல்லும்தான். நீலச்சிறகியோ அரைக் கிலோகூடத் தேறாது. அது வடக்கை முழுக்கக் காலி செய்துவிட்டு இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் வருகிறது.

வழி அறிவதிலும் இரண்டும் வேறு. ஸ்வான் குஞ்சுகள் முதல் குளிர்காலம் முழுக்கத் தாய் தகப்பனோடு பறந்து பாதையைக் கற்றுக்கொள்கின்றன. நீலச்சிறகி ஆணோ, பெட்டை அடைகாக்கும்போதே பிரிந்து போய்விடும். வலசையில் குஞ்சுக்குக் குடும்பத் துணை கிடையாது.

புறநானூற்றின் 67ஆம் பாட்டில் பிசிராந்தையார் பேசும் அன்னச் சேவல், குமரித்துறையில் அயிரை மீன் தின்று வடமலைக்குப் போகிறது. ஸ்வான் தின்பது பெரும்பாலும் நீர்த்தாவரம். ஆனாலும் குமரியில் இரை எடுத்து வடக்கே திரும்பும் பறவையை அன்றே கண்ணில் வைத்திருந்தார்கள் என்பது எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. அந்தப் பயணத்துக்கு இன்றைய நேரடிச் சாட்சி வேண்டுமென்றால் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்குப் போகலாம். இமயத்தைத் தாண்டிவரும் வரித்தலை வாத்து அங்கே வருகிறது. கருவி பொருத்தப்பட்ட ஒன்று 7,290 மீட்டர் உயரத்தில் பறந்தது பதிவாகியிருக்கிறது.

நவம்பர் 8

வடகிழக்கு மழை வலுத்தால் குளம் மறுகால் பாயும். எல்லோரும் மகிழும் அந்த நாளில் தாராக்கள் குளத்தில் குறைந்துவிடும். ‘பறவை வரத்துக் குறைந்தது’ என்று உடனே எழுதிவிடுகிறார்கள். காரணம் ஆழம். நீலச்சிறகியும் தட்டைவாயனும் முக்குளிக்காமல் தலையை மட்டும் நீருக்குள் விட்டு மேய்பவை. ஒரு சாண் தண்ணீர் இருந்தால் போதும். ஊசிவால் வாத்து கழுத்து நீண்டது என்பதால், வாலை மேலே தூக்கிக் குத்திட்டு இன்னொரு சாண் எட்டும். அதற்கு மேல் ஆழமானால் குளம் அவற்றுக்குப் படுக்கை மட்டுமே, சோறு அங்கே இல்லை.

சோறு வயலில் இருக்கிறது. பகலெல்லாம் நடுக்குளத்தில் தூங்கி, இருட்டியதும் நெல்வயலுக்குப் பறந்து, விடியுமுன் திரும்புகின்றன. முதல் போகமான கன்னிப்பூ அறுப்பில் சிந்திய நெல், களை விதை, சிறு நத்தை எல்லாம் அங்கே கிடைக்கும். ஆகவே இந்தக் கணக்கில் குளத்தையும் சுற்றியுள்ள ஏலாவையும் (வயல்வெளியையும்) பிரிக்க முடியாது. தேரூர் - சுசீந்திரம் ஈரநிலம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, பரப்பு 94.23 ஹெக்டேர். இரவுச் சாப்பாடு பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியே நடக்கிறது. வயல் மனையாகும் ஒவ்வொரு முறையும் பட்டியலில் உள்ள குளமும் வலுவிழக்கிறது.

விவசாயிகள் சொல்லும் சேதம் பொய்யல்ல. இரண்டாம் போகமான கும்பப்பூவுக்கு நேரடியாக விதைத்த வயலில் தண்ணீர் நின்றால் இரவில் இறங்கிக் கலக்கிவிடும். நாற்று வேர் பிடிக்கும்வரை மாலையில் தண்ணீரை வடித்து, ஈரச் சேறாக மட்டும் வைத்தால் இறங்குவது குறையும். வளர்ந்த பயிரின் தண்டு கடித்து முறிந்திருந்தால், அதுவும் சம்பைப் புதரை ஒட்டிய ஓரத்தில் என்றால், அது வருடம் முழுக்க இங்கேயே இருக்கும் நீலத் தாழைக்கோழியின் வேலை. அந்தப் பழியை வலசைப் பறவை மேல் போட வேண்டாம்.

டிசம்பர் 15

ஆகாயத்தாமரை மூடிய மூலையில் ஒரு தாராகூட இல்லை. இறங்கவும் எழவும் திறந்த நீர் வேண்டும். ஆனால் முழுக்க வாரி எடுப்பதும் தவறு. ஓரத்துச் செடிகளில் இலைக்கோழி வாழ்கிறது. நடுவில் அகலமாகத் திறந்துவிட்டு, கரையோரம் திட்டுத் திட்டாக விடலாம். வாரியதைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே வந்துவிடும்.

ஜனவரி 11

கணக்கெடுப்புக் காலம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில் நடக்கிறது. காலையில் கிழக்குக் கரையில் நில்லுங்கள், வெயில் முதுகில் விழட்டும். மேற்கே நின்றால் எல்லாப் பறவையும் கருநிழல்தான். முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அவை அடைக்கும் இடத்தைக் கண்ணில் பிடித்துக்கொண்டு, கூட்டம் முழுக்க அதே அளவை நகர்த்துங்கள். எண்ணி முடித்தபின்தான் இனம் பிரிக்க வேண்டும். சேற்றுப் பூனைப்பருந்து வந்து கூட்டத்தைக் கிளப்பினால் தாமரை இலைக்குள் மறைந்திருந்தவையும் வெளிப்படும்; முன் எடுத்த எண்ணிக்கை எவ்வளவு குறைவென்று அப்போது தெரியும். கூட்டத்தைக் கிளப்பக் கல் எறிவது, ட்ரோன் விடுவது கூடவே கூடாது. பகல் ஓய்வு கெட்டால் இரவில் தின்றது வீணாகும்.

பிப்ரவரி 19

புத்தளம் உப்பளம். பூநாரையோ உள்ளானோ, தேட வேண்டியது இடைநிலைப் பாத்திகளில். கடலைவிடக் கரிப்பு ஏறி, உப்பு இன்னும் படியாத நீரில்தான் உப்புநீர் இறாலும் ஈப்புழுவும் பெருகும். உப்பு விளையும் பாத்தியில் இரை கிடையாது. காயல் கடலோடு சேரும் வாயான மணக்குடிப் பொழி மண்மேடிட்டு அடைந்திருந்தால் காயலில் நீர் ஏறிச் சேறு மூழ்கிவிடும். அந்த நாட்களில் உள்ளான்கள் இந்தப் பாத்திகளுக்கு வந்துவிடும். அவற்றைத் தேடுமுன் பொழி திறந்திருக்கிறதா என்று மீனவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்ச் 24

தேரூரில் ஆண் நீலச்சிறகிகள் முழு உடையில் இருக்கின்றன. வயிறு கனத்து, கொழுப்பு ஏறிவிட்டது. கும்பப்பூ அறுப்பு முடிந்து சிந்திய நெல் கிடக்கும் வயல்கள் இப்போது மிக முக்கியம். கிளம்புவது பெரும்பாலும் அந்திக்குப் பின். காலையில் குளம் காலியாகத் தெரிந்தால் மாலை வரை பொறுத்து மறுபடி பாருங்கள். கழுத்துத் துவண்டு, பறக்க முடியாமல் கரையோரம் கிடக்கும் தாராவைக் கண்டால் வெறுங்கையால் தொட வேண்டாம். வற்றிச் சூடேறிய நீரில் அழுகல் மிகும்போது பாட்டுலிசம் என்கிற பாக்டீரியா நஞ்சு பரவும். செத்தது கிடந்தால் புழு வழியாக அடுத்த பறவைக்கும் போகும். வனத்துறைக்குச் சொல்லி உடனே அகற்ற வைக்க வேண்டும்.

ஏப்ரல் 27

தாராக்கள் போய்விட்டன. சீழ்க்கைச்சிறகியும் குள்ளத்தாராவும் உள்ளூர்க்காரர்கள், அவை இருக்கும். மணக்குடியில் சில உள்ளான்கள் மங்கல் நிறத்தோடு இன்னும் மேய்கின்றன. முதல் வயதுப் பறவைகளில் சில வடக்கே போகாமல் இங்கேயே கோடையைக் கழிக்கும். ஜூன், ஜூலையில் இவற்றைப் பார்த்துப் ‘புது வரவு’ என்று பதிய வேண்டாம். ‘தங்கியவை’ என்று தனியாக எழுதுங்கள்.