மூன்றாவது படத்தில்தான் ஹாரி பாட்டர் வளர்ந்தான்

ஹாரி பாட்டர் படங்கள் எட்டில் எது பிடிக்கும் என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் மூன்றாவது என்றுதான் சொல்வேன். 'அஸ்கபானின் கைதி'. போன வாரம் அக்கா மகளோடு உட்கார்ந்து மறுபடியும் பார்த்தேன். அவளுக்குப் பதினொரு வயது, முதல் இரண்டையும் முன்பே பார்த்துவிட்டாள். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே "சித்தி, இது ஏன் வேற மாதிரி இருக்கு?" என்றாள்.

வேறு மாதிரி இருப்பதுதான் இந்தப் படத்தின் பெருமையே.

முதல் இரண்டு படங்களை (2001, 2002) எடுத்த கிறிஸ் கொலம்பஸைக் குறை சொல்ல மாட்டேன். ஹாரி படிக்கும் மந்திரப் பள்ளியான ஹாக்வார்ட்ஸ் எப்படி இருக்கும் என்று நம் கண்ணில் பதிய வைத்ததே அவர்தான். ஆனால் புத்தகத்தில் இருப்பது எதையும் விட்டுவிடக் கூடாது என்ற கவலையோடு எடுத்த படங்கள் அவை, இரண்டாவது 161 நிமிடம் ஓடும். 2004இல் வந்த மூன்றாவதை மெக்சிகோக்காரரான அல்ஃபோன்ஸோ குவாரோனிடம் கொடுத்தார்கள். அவர் 1995இல் ஒரு குழந்தைகள் படம் எடுத்திருந்தார், 2001இல் இரண்டு பதின்வயதுப் பையன்கள் ஊர் சுற்றும், குழந்தைகளுக்குக் கொஞ்சமும் ஆகாத ஒரு படமும் எடுத்திருந்தார். பதின்மூன்று வயதில் நிற்கும் ஒருவனின் கதைக்கு இந்த இரண்டு அனுபவமும் சேர்ந்த ஆள்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வந்தவர் முதலில் பிள்ளைகளைப் பிள்ளைகளாக விட்டார். டை தளர்ந்து தொங்குகிறது, சட்டை வெளியே கிடக்கிறது, வகுப்பு இல்லாத நேரத்தில் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். முக்கிய வேடத்தில் நடித்த மூன்று பேரிடமும் உங்கள் பாத்திரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வாருங்கள் என்று கேட்டிருக்கிறார். எம்மா வாட்சன் பக்கம் பக்கமாக எழுதிவந்தார், டேனியல் ராட்க்ளிஃப் ஒரே ஒரு பக்கம், ரூபர்ட் கிரின்ட் கொடுக்கவே இல்லை. அவர்கள் நடித்த ஹெர்மயனியும் ஹாரியும் ரானும் அப்படித்தானே செய்திருப்பார்கள்! பள்ளியின் காவலர் ஹாக்ரிட்டின் குடிசையையும் ஸ்காட்லாந்தின் க்ளென்கோ மலைச்சரிவுக்குக் கொண்டுபோனார்கள், பிள்ளைகள் அங்கே போக வேண்டுமென்றால் செங்குத்தான சரிவில் இறங்க வேண்டும். பள்ளிக்குக் கீழே மண் என்று ஒன்று இருப்பது இந்தப் படத்தில்தான் தெரிந்தது.

அப்புறம் டிமென்டர்கள், அஸ்கபான் சிறையைக் காவல் காக்கும் கரிய உருவங்கள். ரயில் நிற்கிறது, ஜன்னலில் பனி படர்கிறது, பாட்டிலில் தண்ணீர் உறைகிறது, அதுவரை பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் வாயடைத்துப் போகிறார்கள். அக்கா மகள் தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தான் மன அழுத்தத்தில் தவித்த காலத்திலிருந்துதான் டிமென்டர்கள் வந்தன என்று புத்தகத்தை எழுதிய ரௌலிங் சொல்லியிருக்கிறார். சந்தோஷத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டுப் போகும் ஒன்றைக் குழந்தைகளின் படத்தில் பூசி மெழுகாமல் காட்டி, அது போனதும் ஒரு வாத்தியார் சாக்லேட்டை உடைத்து நீட்டி "சாப்பிடு, சரியாகிவிடும்" என்று சொல்வதையும் காட்டுகிறார்கள். லூபின் மாதிரி ஒரு வாத்தியார் எனக்கு வாய்த்திருந்தால் என்று ஒவ்வொரு முறையும் ஏங்குகிறேன்.

ஆனால் நான் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது கடைசி அரை மணி நேரத்துக்காக. படம் நெடுகக் கடிகாரம்தான். பெரிய பெண்டுலம் ஆடிக்கொண்டே இருக்கிறது, பல்சக்கரங்களுக்கு நடுவே கேமரா புகுந்து போகிறது, அடிக்கும் வில்லோ மரம் இலையுதிர்த்துப் பனி சுமந்து பருவங்களைக் கடக்கிறது. ஹெர்மயனியின் கழுத்துச் சங்கிலியில் தொங்கும் சின்ன மணற்கடிகாரத்தைத் திருப்பிக் காலத்தில் பின்னால் போகும்போதுதான் அவ்வளவும் எதற்கு என்று புரிகிறது. ஹாக்ரிட்டின் குடிசைக்குள் ஹாரியின் தலையில் எங்கிருந்தோ வந்து விழுந்த கல்லை எறிந்தது ஹெர்மயனியேதான். கோடரி இறங்கிய சத்தம் கேட்டு ஹாக்ரிட் வளர்த்த பாதிக் கழுகு, பாதிக் குதிரையான பக்பீக் செத்துவிட்டது என்று அழுதோமே, வெட்டுப்பட்டது பூசணிக்காய்!

ஏரிக்கரைக் காட்சி எல்லாவற்றுக்கும் மேல். தன்னையும், அஸ்கபானிலிருந்து தப்பி வந்த ஞானத்தந்தை சிரியஸையும் டிமென்டர்களிடமிருந்து காப்பாற்ற வெள்ளி மானை அனுப்பியவர் செத்துப்போன தன் அப்பாதான் என்று ஹாரி நம்புகிறான். காலத்தில் திரும்பி வந்து அக்கரையில் நின்று அப்பா வருவார், வருவார் என்று காத்திருக்கிறான். யாரும் வரவில்லை. வரப்போவதில்லை என்று அவனுக்கு உறைக்கும் அந்த நொடியில் தானே ஓடிப்போய் மந்திரக்கோலை நீட்டுகிறான். அப்பா இல்லாத பையனிடம் அப்பா இனி வர மாட்டார் என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் நீயே போதும் என்றும் சொல்லும் காட்சி, அதுவும் ஒரு தொடரின் நடுப்படத்தில். எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. பள்ளிக்குள் யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் மாயவரைபடத்தை வரைந்த நால்வர் யார் என்று படம் சொல்லாமலே போய்விடுகிறது. லூபினுக்கு அதை இயக்கத் தெரிந்தது எப்படி என்று அக்கா மகள் கேட்டாள், புத்தகத்தில் இருப்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரே ஒரு வசனம் போதுமே, வைத்திருக்கலாம். எட்டில் மிகக் குறைவாக வசூலித்ததும் இந்தப் படம்தான், அது எனக்கு இன்றுவரை வருத்தம்.

படம் முடிந்ததும் தூங்கப் போவாள் என்று நினைத்தேன். ரிமோட்டை வாங்கிக் குடிசைக் காட்சி வரைக்கும் பின்னால் ஓட்டினாள். கல் வந்து விழுந்ததும் நிறுத்தி, டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று, ஜன்னலுக்கு வெளியே பூசணிக்காய்களுக்குப் பின்னால் யாராவது தெரிகிறார்களா என்று தேடிக்கொண்டிருந்தாள்.