150-க்கு 27

"இதென்ன தம்பி, நான் எடுக்கவே இல்லையே?"

பாலக்கோட்டில் பாஸ்புக் மெஷின் முன்னால் ஒரு அக்கா. தக்காளி மண்டியில் கூடை தூக்குகிறவர். நீட்டிய பக்கத்தில் மாதாமாதம் அதே வரி: மினிமம் பேலன்ஸ் பிடித்தம், 177 ரூபாய்.

அபராதம் 150. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 27.

கையில் காசு இல்லை என்பதற்கு வரி!

கடைசியில் இருப்புத் தொகைக்கு முன்னால் ஒரு மைனஸ். அங்கேதான் வங்கி மாட்டுகிறது. இந்தப் பிடித்தத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கு மைனஸில் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே சொல்லிவிட்டது. பிடிக்கும் முன் தகவல் சொல்லி, குறைந்தது ஒரு மாதம் அவகாசமும் தர வேண்டும்.

அங்கேயே மனு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கினோம். (அந்த ஒரு சீல் போட வங்கிக்காரர்களுக்கு அவ்வளவு யோசனை!)

30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேன், அதாவது வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரி. செலவில்லை. அப்புறம் இருக்கவே இருக்கிறது தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். இந்த மாதிரி சின்னத் தொகைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

"177 ரூபாய்க்குப் போய் கேஸா தம்பி?"

எல்லாரும் இப்படிக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்ற தைரியத்தில்தான் பிடிக்கிறார்கள் அக்கா என்றேன்.

மினிமம் பேலன்ஸே தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரவும் அதே மனுவில் கேட்டிருக்கிறோம். பார்ப்போம்.