தக்காளிக்கு விலை சொல்பவர்கள்

2025 ஜூனில் அரசம்பட்டிக்காரரான சமையல்காரர் விஜய் குமார் வேட்டி கட்டிக்கொண்டு சிகாகோ மேடையில் அமெரிக்காவின் பெரிய சமையல் விருதான ஜேம்ஸ் பியர்ட் விருதை வாங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நியூயார்க்கில் நத்தைப் பிரட்டல் பரிமாறி ஜெயித்த மனிதர். அமெரிக்க உணவுலகம் இனி இவர் கையில் என்று நண்பர்கள் கொண்டாடினார்கள். அவர் மேல் எனக்குள்ள மரியாதை துளியும் குறையாமல் சொல்கிறேன், அந்தப் பிடி இருப்பது வேறு ஆட்களிடம்.

ஃப்ளோரிடாவில் நான் இருக்கும் ஃபோர்ட் மையர்ஸிலிருந்து முக்கால் மணி நேரக் கார் பயணத்தில் இம்மோகலி. தக்காளி ஊர். விடியும் முன்பே பழைய பள்ளிப் பேருந்துகள் வந்து நிற்கும். மெக்சிகோ, குவாத்தமாலா, ஹைதி ஆட்கள் ஏறிப் போவார்கள். பறிப்பது பச்சைக்காய், எத்திலீன் வாயு காட்டிப் பழுக்க வைப்பது அப்புறம். ஒரு வாளி 32 பவுண்டு, நம் கணக்கில் பதினான்கரை கிலோ. 2000-களில் அதற்குக் கூலி சுமார் 45 சென்ட். அதிலும் வாளியைத் தலைதட்டி நிரப்பினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கோபுரமாகக் குவிக்க வேண்டும். குவித்ததற்குத் தனிக்காசு கிடையாது. தொழிலாளர்களை லாரிக்குள் பூட்டி வைத்து வேலை வாங்கியவர்களுக்கு 2008-ல் 12 ஆண்டு சிறை கிடைத்ததும் இதே ஊர் வழக்கில்தான்.

1935-ன் தொழிற்சங்கச் சட்டம் விவசாயக் கூலிகளைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. 1993-ல் உருவான இம்மோகலி தொழிலாளர் கூட்டமைப்பு முதலில் தோட்ட முதலாளிகளிடம்தான் மல்லுக்கு நின்றது. வேலைநிறுத்தம், உண்ணாவிரதம் எல்லாம் நடந்தது. ஆனால் முதலாளியின் கழுத்தைப் பிடித்திருந்தது வேறொரு கை. லட்சக்கணக்கான பெட்டி வாங்கும் துரித உணவு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவு ‘இதுதான் விலை’ என்றால் அதுதான் விலை. அந்த அழுத்தம் இறங்கி இறங்கி வாளி தூக்குபவர் தலையில் வந்து விழும்.

அதைப் புரிந்துகொண்டு 2001-ல் டாகோ பெல் என்ற துரித உணவு நிறுவனத்தைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். கேட்டது பவுண்டுக்கு ஒரே ஒரு சென்ட் கூடுதல். மாணவர்களும் தேவாலயங்களும் கூடவே நின்றதால் 2005-ல் நிறுவனம் இறங்கி வந்தது. 2007-ல் மெக்டொனால்ட்ஸ், 2008-ல் பர்கர் கிங். 2010-ல் ஃப்ளோரிடா தக்காளி விவசாயிகள் சங்கமே கையெழுத்திட்டது. 2014-ல் வால்மார்ட்.

சென்ட்டைவிட முக்கியம் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு நிபந்தனை: தோட்டத்தில் கொத்தடிமை வேலை நடந்தால் இந்த நிறுவனங்கள் அங்கே வாங்கக் கூடாது. சரக்கு தேங்கும் என்ற பயம் வந்ததும் வயலில் நிழற்பந்தல் வந்தது, வேலை நேரம் பதிவானது, 24 மணி நேரப் புகார் எண் வந்தது. வாளியும் தலைதட்டியதோடு நின்றது. எத்தனை நட்சத்திரச் சமையல்காரர் கையெழுத்திட்டாலும் இது நடந்திருக்காது. சொன்னவர்கள் நாட்டின் பெரிய வாடிக்கையாளர்கள். அவர்களைச் சொல்ல வைத்தவர்கள் வாளி தூக்கியவர்கள். உணவுலகின் செல்வாக்குப் பட்டியல் யார் போட்டாலும் முதல் வரியில் நான் இவர்களைத்தான் தேடுவேன்.

வெண்டீஸ் என்ற துரித உணவு நிறுவனமும், ஃப்ளோரிடாவிலேயே தலைமையகம் வைத்திருக்கும் பப்ளிக்ஸ் பல்பொருள் அங்காடியும் இத்தனை ஆண்டு போராட்டத்துக்குப் பிறகும் சேரவில்லை. எங்கள் வீட்டு ரசத்துக்கு, இந்த ஒப்பந்தங்களை நடத்தும் ஃபேர் ஃபுட் திட்டத்தில் சேர்ந்த கடையில்தான் தக்காளி வாங்குகிறேன். நீங்களும் ஃப்ளோரிடா பக்கம் இருந்தால் கடை மேலாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.