தட்டாதே, தள்ளு: செப்புத் தகட்டில் பியூரின் வேலை

கும்பகோணத்தில் பித்தளை அண்டா வாங்கினால் கடையிலேயே பேர் வெட்டித் தருவார்கள். சின்ன உளி, சின்னச் சுத்தியல், டக்டக்கென்று முடிந்துவிடும். சுவாமிமலையில் வார்த்தெடுத்த சிலைக்கு நகாசு பார்ப்பதும் உளியைத் தட்டித்தான். அந்தப் பழக்கத்தோடு, செப்புத் தகட்டில் கோடு வெட்டி மை நிரப்பித் தாளில் அச்செடுக்கும் அச்சோவியப் பட்டறைக்கு வரும் பிள்ளைகள் முதலில் கீழே வைக்க வேண்டியது சுத்தியலை. தகட்டில் கோடு கீறும் பியூரின் என்ற கருவியைத் தட்டக் கூடாது, உள்ளங்கையால் தள்ள வேண்டும். அண்டாவில் வெட்டுவது படிக்க; தகட்டில் வெட்டுவது மை பிடிக்க. பள்ளத்தின் விளிம்பு கொஞ்சம் சிதைந்தாலும் தாளில் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும்.

பியூரின் என்பது நுனி சாய்வாக வெட்டிய எஃகுக் கம்பி. சதுரக் கம்பி அகலமாகக் கீறும், சாய்சதுரக் கம்பி ஒடுங்கி ஆழமாகக் கீறும். புதிதாக வாங்கியது பெரும்பாலும் நீளம் அதிகமாக இருக்கும். பிடி உள்ளங்கையில் உட்கார்ந்தபின் ஆள்காட்டி விரலைத் தாண்டி ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் முனை நீட்டினால் போதும். அதற்கு மேல் இருந்தால் பிடியைக் கழற்றி வால்பக்கத்தைக் குறைத்துவிடுங்கள்.

இந்த வேலையில் பாதி தீட்டுவதுதான். முதலில் அடிப்பக்கங்கள் இரண்டையும் எண்ணெய்க்கல்லில் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு நேரே முகத்துக்கு, அதாவது நுனியின் சாய்ந்த வெட்டுக்குப் போகிறார்கள். அடி தட்டையாகாமல் எவ்வளவு தீட்டினாலும் முனை வராது. பிறகு முகத்தைச் சுமார் 45 டிகிரியில் வைத்து, மணிக்கட்டை ஆடவிடாமல் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றுங்கள். ஆடினால் முகம் உருண்டு, கோடு கண்டபடி தடிக்கும். கூர் வேண்டுமென்று இன்னும் சரித்தால் முனை ஒடியும். பித்தளைக்கு நிமிர்த்தி 60 வரை போகலாம். அவசரத்துக்கு மோட்டார் சாணையில் பிடித்து முனை நீலம் பாய்ந்துவிட்டால் எஃகின் பதம் போயிற்று. அந்தப் பகுதியைத் தேய்த்தே தள்ள வேண்டும். கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்துப் பாருங்கள். வழுக்கினால் இன்னும் தீட்ட வேண்டும், பற்றி நின்றால் வேலைக்கு ஆகும்.

தகடு மணல் நிரப்பிய தோல் பையின் மேல் இருக்கும். வளைவு வரும்போது திரும்புவது தகடு, கருவி அல்ல. சீவல் சுருளாக எழுந்தால் சரி. பொடியாக உதிர்ந்தால் முனை மழுங்கிவிட்டது. மழுங்கினால் அழுத்தத் தோன்றும், அழுத்தினால் வழுக்கும். இடக்கை முனைக்கு முன்னால் போகவே கூடாது.

கோட்டோரப் பிசிறை முக்கோணச் சுரண்டியைப் படுக்கவைத்து எடுக்க வேண்டும். கூர் ஊசியால் தகட்டில் நேரே கீறும் டிரைபாயின்ட் வேலையில் மட்டும் அந்தப் பிசிறே மை பிடிப்பது, தொடாதீர்கள். அதுவும் சில பத்துப் பிரதிகளில் நசுங்கிவிடும்.

தப்பான கோட்டைச் சுரண்டி, ஒரு சொட்டு எண்ணெயோடு பர்னிஷரால் (வழுவழுப்பான எஃகு மெருகுக் கருவி) மெருகேற்றினால் மறையும். ஆழமாகச் சுரண்டினால் குழி விழுந்து, அங்கே மை தங்கிச் சாம்பல் திட்டாக அடிக்கும். இரு கால் கொண்ட அளவுக் கருவியான காலிப்பரால் பின்புறத்தில் அதே இடத்தைக் குறித்து, தகட்டைக் கவிழ்த்து, இரும்புப் பலகைமேல் மெல்லத் தட்டிக் குழியை மேலெழுப்புங்கள். சுத்தியலுக்கு வேலை இங்கேதான்! மெல்லிய தகடு இதைத் தாங்காது. 18 கேஜ் (சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன்) எடுப்பது நல்லது. அச்சுக்கு முன் நான்கு விளிம்பையும் அரத்தால் சரிவாக்காவிட்டால் தாளோடு அச்சு எந்திரத்தில் அதன்மேல் விரிக்கும் கம்பளியும் கிழியும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எஃகு துருப்பிடிக்கும். தேங்காய் எண்ணெய் நாளாவட்டத்தில் பிசுக்கேறிவிடும், தையல் மிஷின் எண்ணெய் தேவலாம். தோல் உறை ஈரம் இழுக்கும். முனைக்கு ஒரு தக்கையைக் குத்தி வையுங்கள்.